கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டான், ஆனால் தங்கத்தில்! பிரெகே டைப் எக்ஸ்எக்ஸ் 2075: உங்கள் கருத்து?

சாவிகொடுத்தான் (சென்னை)

இரண்டு வருஷமாக இங்கே நான் போட்ட கூச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஜூனில் பிரெகே கடிகாரக் கம்பெனி, பைலட்டுக்கான ஃப்ளைபேக் வாட்ச்களான புது டைப் 20-ஐயும் டைப் எக்ஸ்எக்ஸையும் இறக்கியபோது என்னவெல்லாம் சொன்னேன்? 42 மி.மீ. எனக்குப் பெரிது, 14.1 மி.மீ. தடிமனுக்குச் சட்டைக் கையை வெட்டித்தான் போடணும், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்தத் தேதி ஓட்டை நல்ல முகத்தில் வந்த கட்டி மாதிரி இருக்கிறது, இத்தனையும் சொல்லிவிட்டு "38-இல், தேதி இல்லாமல், சாவி கொடுக்கிற வாட்சாகச் செய்யட்டும், அன்றைக்கே முன்பணம் கட்டுகிறேன்" என்று வாய்விட்டு வைத்தேன். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் கூட எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

இப்போது கம்பெனியின் 250ஆம் ஆண்டுக்கு 2075 என்ற மாடல் வந்திருக்கிறது. 38.3 மி.மீ. தேதி இல்லை. தினமும் நாமே சாவி கொடுக்கணும். நான் கேட்ட மூன்றும் அப்படியே இருக்கிறது. கேட்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது. கேஸ் முழுக்க தங்கம்.

முன்பணம் கட்டவில்லை. திட்டத் தொடங்கலாம்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

ஸ்கிரீன்ஷாட் என்னிடம்தான் இருக்கிறது அண்ணே. வேண்டுமானால் ஃப்ரேம் போட்டு அனுப்புகிறேன்.

விலைதான் எனக்கு உறுத்துகிறது. 2023இல் எஃகு வாட்சே 18,000 டாலர் என்று அறிவித்தார்கள், அதற்கே இங்கே நாலு பேருக்கு நெஞ்சுவலி வந்தது. தங்கம் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் இன்னும் ஒரு மனை கிடைக்கும், ரிங் ரோட்டுக்கு வெளியே என்றாலும்.

ரேடியம்முள் (சிங்கப்பூர்)

விலை பேச்சு எப்போதும் ஓடும், அதை விடுங்கள். வாட்சைப் பேசுவோம். நான் இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, படத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முகப்பு சுத்தமாக இருக்கிறது. 2023 வாட்சில் தேதியை ஏன் நாலரை மணியில் வைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம், பொதுமக்களுக்கான 2067 மாடலில் மூன்று, ஆறு, ஒன்பது மூன்று இடத்திலும் சின்ன வட்டம் வந்துவிட்டது, பாவம் எங்கேதான் வைப்பார்கள். ஆனால் ராணுவ சாயலில் வந்த 2057-இல் இரண்டே வட்டம், ஆறு மணிப் பக்கம் காலியாகக் கிடந்தது! அதிலும் கொண்டுபோய் நாலரையில்தான் வைத்தார்கள். இரண்டுக்கும் இயந்திரம் அடிப்படையில் ஒன்றே என்பதால் தேதிச் சக்கரத்தின் இடத்தை மாற்ற மனசு வரவில்லை போல. எனக்குக் கடுப்பு அதில்தான், தேதி இருந்ததில் இல்லை.

இந்தமுறை அந்தப் பிரச்சினையே இல்லை. இயந்திரமும் நல்ல இயந்திரம். அதே குடும்பம், ஐந்து ஹெர்ட்ஸ் துடிப்பு, 60 மணி நேரம் ஓடும், துடிப்பைச் சீராக்கும் நுண்சுருளான ஹேர்ஸ்பிரிங் சிலிக்கானில். சுழலும் எடை இல்லாததால் பின்பக்கக் கண்ணாடி வழியே எல்லாம் தெரிகிறது, மேலே அட்லாண்டிக்கைக் கடக்கிற ஒரு விமானத்தைச் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தடிமன் இன்னும் 13.2 மி.மீ.! தானே சாவி ஏறும் பாகத்தைக் கழற்றிய பிறகும் இவ்வளவுதான் இறங்குமா? குறுக்களவு குறைந்து தடிமன் அவ்வளவாகக் குறையாவிட்டால் கையில் அதிரசம் உட்கார்ந்த மாதிரி இருக்குமே.

புதுமுகம்77 (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதுசு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ளைபேக் ஃப்ளைபேக் என்கிறீர்களே, அது சாதாரண ஸ்டாப்வாட்சிலிருந்து எப்படி வேறு? கடையில் கேட்டேன், "பைலட்டுக்கானது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாட்சை எடுக்கப் போய்விட்டார்.

ரேடியம்முள் (சிங்கப்பூர்)

நல்ல கேள்வி தம்பி.

சாதாரண குரோனோகிராஃபில், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்சில், நொடிமுள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும் என்றால் மூன்று அமுக்கு. மேல் பட்டனை அமுக்கி நிறுத்தணும், கீழ்ப் பட்டனை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும், திரும்ப மேல் பட்டன். ஃப்ளைபேக்கில் முள் ஓடும்போதே கீழ்ப் பட்டனை ஒரே அமுக்கு. முள் சடாரென்று பன்னிரண்டுக்குத் திரும்பி வரும், கையை எடுத்த நொடியில் மறுபடி ஓடும்.

இது எதற்கு? ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் பைலட் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துத்தான் வழி போனார். இந்தத் திசையில் நாலரை நிமிஷம், அப்புறம் திரும்பி அந்தத் திசையில் ஆறு நிமிஷம், இப்படி. ஒவ்வொரு திருப்பத்திலும் கணக்கைப் புதிதாகத் தொடங்கணும். மூன்று அமுக்குக்கு இரண்டு நொடி என்று வை, மணிக்கு 600 கி.மீ. போகிற விமானம் அதற்குள் 330 மீட்டர் தாண்டியிருக்கும். கையுறை போட்ட விரல், குலுங்குகிற காக்பிட், இன்னும் தாமதம். நாலு திருப்பம் ஆனால் இறங்க வேண்டிய ஓடுபாதை பக்கத்து ஊரில் இருக்கும்.

அதனால்தான் 1950களில் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் டைப் 20 என்று ஒரு விதிமுறை எழுதியது. கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் முள், சுற்றும் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), ஃப்ளைபேக் கட்டாயம், ஒரு நாளைக்கு 8 நொடிக்கு மேல் தப்பக் கூடாது, 35 மணி நேரமாவது ஓடணும், ஓட்டி நிறுத்திப் பூஜ்யமாக்குவதைக் குறைந்தது 300 முறை செய்தாலும் மக்கர் பண்ணக் கூடாது. அந்த விதிமுறைக்குச் செய்தது பிரெகே மட்டும் இல்லை. ஒரிகோஸ்த், டோடான், விக்ஸா, எரேன், மாத்தே-திஸோ எல்லாருமே செய்தார்கள். பிரெகே பெயரில் வந்ததையே செய்து கொடுத்தது மாத்தே-திஸோ தான், உள்ளே இருந்த இயந்திரம் வால்ஜூ 222.

சாவிகொடுத்தான் (சென்னை)

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பிரெகே விமானப்படைக்கு 1,100 கொடுத்தது, சோதனைப் பறப்பு மையத்துக்கு 80, கடற்படை விமானப் பிரிவுக்கு 500. எல்லாம் கணக்குப் போட்டு, கையெழுத்து வாங்கி, ரிப்பேருக்குத் திரும்ப வரும்போது முத்திரை குத்தி அனுப்பிய சாமான். பழைய வாட்சின் பின்மூடியில் அந்தத் தேதி முத்திரைகளை வரிசையாகப் பார்க்கலாம், ரேஷன் கார்டில் சீல் விழுந்த மாதிரி. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துத் தங்கத்தில் செய்வது கடப்பாரைக்கு வெள்ளிப் பூண் போட்ட கதை.

லாகூர்நெவ்_பெடியன் (பாரிஸ்)

அண்ணை, தங்கத்தில செய்தது புதுக் கதை இல்லை. 1950களிலேயே தங்கத்தில விரல்விட்டு எண்ணக்கூடிய சில மணிக்கூடு செய்திருக்கினம். அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தது. ஆமிக்குக் கொடுத்தது "20", கடையில சனத்துக்கு வித்தது ரோமன் எழுத்தில "எக்ஸ்எக்ஸ்". இது கடைப்பக்கத்துப் பிள்ளை, ஆமிப் பிள்ளை இல்லை. இங்கே இரண்டையும் பிரெஞ்சில "தீப் வேன்" எண்டுதான் சொல்லுவினம்.

நான் போன கிழமை பிளாஸ் வாந்தோமில இருக்கிற பிரெகே கடையில போய்ப் பார்த்தனான். வேலை முடிஞ்சு, சமையல் கோட்டைக் கழட்டி பையுக்குள்ள வைச்சிட்டு, கையில வெங்காய மணத்தோட. ஒண்டும் சொல்லாமல் இருத்தி, தட்டில வைச்சுக் கொண்டுவந்து தந்தவை. கட்டிப் பார்த்தன்.

ரேடியம் அண்ணை கேட்ட தடிமனுக்குப் பதில்: பக்கவாட்டில பார்த்தால் தெரியும், ஆனால் கையில அவ்வளவு தெரியேல்லை. கண்ணாடி கொஞ்சம் மேடாக இருக்கிறபடியால் அந்த மில்லிமீட்டரில பங்கு அதுக்குப் போகுது. பாரம் தெரியும். தங்கம் எல்லோ. அந்தப் பொன் நிறம் கலியாண நகை மஞ்சள் இல்லை, கொஞ்சம் வெளிறின, லேசான சிவப்போட. வெள்ளியும் செம்பும் பலேடியமும் கலந்த அவையின்ர சொந்தக் கலவை. அம்மாவுக்குப் படம் அனுப்பினன், "இது என்ன பித்தளையோ" எண்டு கேட்டவ.

பட்டன் அமுக்கிப் பார்த்தன். மேல் பட்டன் வெண்ணெய். கீழ் பட்டனுக்குக் கொஞ்சம் பலம் வேணும், ஆனால் முள் திரும்பி வாற அந்தத் துள்ளல் இருக்கே... நாலு தரம் அமுக்கினன். அஞ்சாவது தரம் அந்தப் பிள்ளை சிரிச்சுது.

கணக்குப்பிள்ளை (மதுரை)

"இது என்ன பித்தளையோ." இந்த இழையின் சிறந்த விமர்சனம் இதுதான். அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

ரேடியம்முள் (சிங்கப்பூர்)

தம்பி சொன்ன பிறகு என் அதிரசத்தைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கட்டிப் பார்க்காமல் தடிமன் பேசக் கூடாது என்று எத்தனை முறை பட்டாலும் புத்தி வருவதில்லை.

எஃகுதான்எல்லாம் (பெங்களூர்)

எல்லோரும் மரபு மரபு என்கிறார்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். கம்பெனி என்ன சொல்கிறது? "எங்கள் பெயரே விமானத்தில் இருக்கிறது, லூயி பிரெகே விமானம் கட்டியவர்" என்கிறது. உண்மைதான், லூயி சார்ல்ஸ் பிரெகே 1911இல் விமானக் கம்பெனி தொடங்கினார், கடிகாரம் செய்த ஆபிரகாம்-லூயி பிரெகேவின் வம்சம்தான். ஆனால் கடிகாரத் தொழிலை அந்தக் குடும்பம் 1870இலேயே எட்வர்ட் பிரௌன் என்பவருக்கு விற்றுவிட்டது. லூயி பிரெகே பிறந்ததே 1880இல்! அவர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே கடை கைமாறியாகிவிட்டது. தாத்தா விற்ற கடைக்கும் பேரன் கட்டிய விமானத்துக்கும் ஒரே போர்டு, அவ்வளவுதான் உறவு. 1999இல் ஸ்வாட்ச் குழுமம் வாங்கிய பிறகு இந்தக் கதையை நன்றாகவே மெருகேற்றிவிட்டார்கள்.

நம் ஊரில் தாத்தா விற்ற மிட்டாய்க் கடையின் பெயரில் பேரன் லாரி சர்வீஸ் நடத்தினால், மிட்டாய் டப்பாவில் லாரி படம் போடுவார்களா?

நேவிக்காரன் (திருநெல்வேலி)

போடுவார்கள் தம்பி. திருநெல்வேலிக்கு வந்து பாருங்கள், அல்வாப் பெட்டியில் என்னென்ன படம் இருக்கிறது என்று.

நான் வாட்ச் ஆள் இல்லை. மகன் இந்தக் குழுவைக் காட்டினான், படித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு பிரெகே என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு அந்தப் பெயர் கடிகாரத்தில் தெரியாது, விமானத்தில் தெரியும்.

நம் கடற்படையில் பிரெகே அலிஸே விமானம் 1961இல் சேர்ந்தது, நீர்மூழ்கி தேடுகிற விமானம். விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தது, 71 போரிலும் பறந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கோவாவில் அதன் பராமரிப்பில் இருந்தேன். மூன்று பேர் உட்காரும் விமானம். மூக்கில் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். வயிற்றுக்குள்ளிருந்து ரேடார் கூண்டு கீழே இறங்கும், வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். அந்தக் கூண்டு இறங்கும்போது ஒரு முனகல் சத்தம் வரும், எங்கள் ஆட்கள் "கோழி முட்டையிடுகிறது" என்பார்கள். டார்ட் எஞ்சினின் கூவல் காதில் ஏறினால் ராத்திரி படுத்த பிறகும் இறங்காது.

உள்ளே உட்கார்ந்தவர்கள் தேடல் ஓட்டத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் நேரம் குறிப்பார்கள். நீங்கள் சொன்ன அந்த வேலைதான். கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச் தொங்கும். கையில்? நான் பார்த்தவர்கள் கையில் பெரும்பாலும் எச்எம்டி. என் கையிலும் எச்எம்டி பைலட், கறுப்பு முகப்பு, சாவி கொடுக்கிறது. இன்னும் ஓடுகிறது. பெயர்தான் பைலட், நான் கீழே கிரீஸோடு நின்றவன்.

அலிஸே ஒன்று இப்போதும் கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வாட்ச் பார்க்கப் பாரிஸ் போக முடியாதவர்கள் பெயர்ப்பலகை பார்க்கக் கோவா போகலாம்.

எஃகுதான்எல்லாம் (பெங்களூர்)

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. என் மிட்டாய்க் கடை வாதம் அப்படியே இருக்கிறது, ஆனால் கோழி முட்டை என்னை வீழ்த்திவிட்டது. அந்த எச்எம்டியின் படம் போடுங்களேன்.

சாவிகொடுத்தான் (சென்னை)

ஐயா படம் கட்டாயம் போடணும். எச்எம்டி பைலட்டுக்கு இப்போது பழைய வாட்ச் சந்தையில் நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியுமா தெரியாது, முகப்பை அழித்துப் புதுசாகப் பெயின்ட் அடித்து மஞ்சள், பச்சை, ஊதா என்று விற்கிறார்கள், அசல் முகப்போடு ஒன்று என்றால் இங்கே பாதிப் பேர் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிவிடுவோம்.

சரி, இழைக்கு வருவோம். மரபு விஷயத்தில் நான் எஃகு தம்பி பக்கம் முழுதாக இல்லை. கடிகாரக் கம்பெனியும் விமானக் கம்பெனியும் வேறு வேறு என்பது சரி. ஆனால் 1,100 வாட்ச் ராணுவத்துக்குப் போனது பொய் இல்லையே. வம்சக் கதையை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னாலே போதும். இந்தமுறை பின்பக்கம் செதுக்கியிருக்கிற விமானம் எது? 1930இல் பாரிஸிலிருந்து நியூயார்க் போன பிரெகே 19. அதற்கும் டைப் எக்ஸ்எக்ஸுக்கும் இருபது வருஷ இடைவெளி. ஓட்டியவர்கள் கையில் டைப் எக்ஸ்எக்ஸ் இருந்திருக்கவே முடியாது, அப்படி ஒரு வாட்ச் பிறக்கவே இல்லை. அலிஸேயைச் செதுக்கியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும், காலமாவது பொருந்தும்.

லாகூர்நெவ்_பெடியன் (பாரிஸ்)

அந்தப் பிளேன் எங்கட வீட்டுக்குப் பக்கத்திலதான் நிக்குது. லூ பூர்ஜே விமான மியூசியம், லா கூர்நெவிலயிருந்து பஸ்ஸில போகலாம். ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போனன், உங்கட சண்டையைப் படிச்ச பிறகு பார்க்காமல் இருக்கேலாமல் போச்சு.

சிவப்புப் பிளேன். பக்கத்தில பெரிய வெள்ளைக் கேள்விக்குறி கீறியிருக்கு. பேரே "கேள்விக்குறி"தான். கோஸ்த் எண்டவரும் பெலோன்த் எண்டவரும் 1930 செப்டம்பர் 1ஆம் தேதி இதே லூ பூர்ஜேயில ஏறி 37 மணி 18 நிமிஷத்தில நியூயார்க்கில இறங்கினவை. லிண்ட்பெர்க் மூண்டு வருஷம் முன்னமே அங்கேயிருந்து இங்கே வந்திட்டார், ஆனால் அது காத்தோட வாறது. இங்கேயிருந்து அங்கே போறது எதிர்க்காத்து. 1927இல நுன்ஜெஸரும் கோலியும் இந்தப் பக்கத்தாலதான் போனவை, திரும்பி வரேல்லை, பிளேனும் கிடைக்கேல்லை.

கிட்ட நிண்டு பார்த்தால் ஆள் இருக்கிற இடம் அண்டா அளவு ஓட்டை. முன்னால முழுக்க பெட்ரோல் தாங்கி. 37 மணித்தியாலம் அதுக்குள்ள. மகள் கேட்டாள், "அவை எங்கே பாத்ரூம் போனவை?" மணிக்கூட்டுக்காரர் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கேல்லை.

சாவி அண்ணை சொல்லுறது சரி, இருபது வருஷம் பொருந்தாது. ஆனால் உண்மையைச் சொல்லுறன், அந்தப் பிளேனைப் பார்த்திட்டு வந்து படத்தைத் திரும்பப் பார்க்கேக்க எனக்குக் கோவம் வரேல்லை.

கணக்குப்பிள்ளை (மதுரை)

பிளேனில் கேள்விக்குறி. விலையைப் பார்த்த என் முகத்திலும் அதே.

சரி, நடைமுறைக்கு வருவோம். டைப் எக்ஸ்எக்ஸ் வேண்டும், தங்கம் வேண்டாம், தேதி வேண்டாம், என்ன செய்வது? 1995இல் வந்த 3800 இருக்கிறதே. 39 மி.மீ., எஃகு, ஃப்ளைபேக், தேதி இல்லை, லெமானியா இயந்திரத்தின் வழி வந்த ஆட்டோமேட்டிக். பழைய வாட்ச் சந்தையில் கிடைக்கிறது, எஃகுப் புதுசின் விலையில் பாதிகூட வராது. அதுவும் கைக்கு எட்டாவிட்டால் எரேன் மறுபடி செய்கிற டைப் 20 இருக்கிறது, அதுவும் சாவி கொடுக்கிற ஃப்ளைபேக்.

ரேடியம்முள் (சிங்கப்பூர்)

3800 வாங்குகிறவர்கள் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃப்ளைபேக்கைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை ஊருக்கு இரண்டு இருந்தால் அதிகம். நான் ஒருமுறை வேறொரு பழைய குரோனோகிராஃபை (கம்பெனி பெயர் வேண்டாம்) பக்கத்துத் தெரு கடையில் கொடுத்து, திரும்ப வந்தபோது பூஜ்யமாக்கினால் நொடிமுள் பன்னிரண்டில் நிற்காமல் பன்னிரண்டுக்கு இரண்டு கோடு தள்ளி நின்றது. "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்றார். நானும் ஆறு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். எப்போது அமுக்கினாலும் மனசில் இரண்டு நொடி கழித்துக்கொள்வேன்.

புதுமுகம்77 (கோவை)

எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கேள்வி கேட்டபோதே என்னிடம் 2057 இருந்தது. எஃகு, 42 மி.மீ., நாலரை மணித் தேதியோடு. மில்லில் என் பங்கை விற்ற வருஷம் வாங்கினேன், ஃப்ளைபேக் என்றால் என்ன என்றே தெரியாமல். கறுப்பு முகப்பும் அந்தப் பேரிக்காய் மாதிரி சாவித் திருகும் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் தேதியைத் திட்டியதைப் படித்துவிட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ரேடியம் அண்ணா விளக்கிய பிறகு வீட்டில் செய்து பார்த்தேன். ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இட்லி என் பொறுப்பு. பத்துப் பேர், நாலு ஈடு. ஒரு ஈடு பத்து நிமிஷம். முன்பெல்லாம் இரண்டாவது ஈட்டிலேயே கணக்கு விட்டுப்போகும், ஒன்று வேகாமல் ஒட்டும் அல்லது கல்லாகும். இப்போது தட்டை வைத்து மூடியதும் ஒரு அமுக்கு. பத்து நிமிஷம் ஆனதும் இறக்கி அடுத்த தட்டை வைத்து மூடி, கீழ்ப் பட்டன் ஒரே அமுக்கு. மூன்று அமுக்கு வாட்சாக இருந்தால் ஒரு கையில் துணி, ஒரு கையில் தட்டு, நடக்கவே நடக்காது. முழங்கை வளைத்து மறு கையின் கட்டைவிரலால் அமுக்கிவிடலாம், மாவு ஒட்டினால் துடைத்துக்கொள்ளலாம்.

நாலு ஈடும் பூ மாதிரி வந்தது. தேதியை நான் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நேவிக்காரன் (திருநெல்வேலி)

தம்பி, இதுவரை இந்த இழையில் அந்தப் பட்டனை உபயோகத்துக்காக அமுக்கியவர் நீங்கள் ஒருவர்தான்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

18,000 டாலர் இட்லி டைமர். ஒரு ஈட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பார்க்கட்டுமா? வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை யாரையும் அழவைக்கக் கூடாது.

சாவிகொடுத்தான் (சென்னை)

புதுமுகம் தம்பி, வெட்கப்பட ஒன்றும் இல்லை, வெட்கம் எனக்குத்தான். என்னிடம் இருக்கிற மூன்று குரோனோகிராஃபில் கடைசியாக எதை எப்போது ஓட்டினேன் என்று யோசித்தேன், பார்க்கிங் கட்டணத்துக்கு ஒரு தடவை, அதுவும் நிறுத்த மறந்து ராத்திரி முழுக்க ஓடியது.

2075 எஃகில் வந்தால் வாங்குவேன் என்று எழுத வந்தேன். கணக்குப்பிள்ளை ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், அதனால் எழுதவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை தம்பி. உன் வாட்ச் 100 மீட்டர் தண்ணீருக்குத் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், அது குளிர்ந்த தண்ணீர்க் கணக்கு. இட்லிப் பானை ஆவி வேறு கதை, ரப்பர் வளையத்துக்கு ஆகாது. மூடியைத் திறக்கும்போது இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்.

புதுமுகம்77 (கோவை)

சரிண்ணா. வலது கையில் கட்டிக்கொள்ளலாமா?

ரேடியம்முள் (சிங்கப்பூர்)

அப்புறம் பட்டனை எந்தக் கையால் அமுக்குவாய்?